எல்லைக்கல்லும் எழுமாற்று முகவரியும்

கணினியின் அலுவல்கள் அனைத்தையும் ஆளும் உள்நிரலைக் கெர்னல் என்பர். நெடுங்காலம் அது நினைவகத்தில் ஒரே முகவரியில் குடியிருந்தது. அது ஊரறிந்த முகவரியாதலால், உட்புகுந்து குலைக்க முயல்வோனுக்குத் தேடும் தொல்லையே இருக்கவில்லை. பேக்ஸ் என்னும் குழுவினர் 2001ஆம் ஆண்டில் இதற்கொரு மாற்று வகுத்தனர்: நிரல்கள் இயங்கும் ஒவ்வொரு முறையும் அவற்றின் முகவரியை எழுமாற்றாகத் தெரிவுசெய்தல். லினக்ஸ் கெர்னலின் இருப்பிடத்துக்கே அம்முறை வந்து சேர்ந்தது 2014இல். அப்பொழுதும் அதற்குக் கிடைத்த இடங்கள் ஏறத்தாழ ஐந்நூறுதான். ஒளிந்து விளையாட இது போதுமா என்று ஐயுற்றவர் பலர். கெர்னலின் தரவுப் பகுதிகளையும் இடம் மாற்றும் வசதி 2016இல் வந்தபின், பகுதி ஒவ்வொன்றுக்கும் சராசரியாக முப்பதாயிரம் இடங்கள் வாய்த்தன.

ஆயினும் முகவரி வெளி முழுவதும் கெர்னலுக்கு உரியதன்று. ஒரே பொறியில் பல கணினிகள் இயங்குவதுபோல் அமைத்துத் தரும் மேலாண் நிரல் ஒன்று உண்டு. ஹைப்பர்வைசர் என்பது அதன் பெயர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ஜென் இவ்வகையினது. விரைவு கருதி அது தன் விருந்தினரின் முகவரி வெளிக்குள்ளேயே தானும் தங்குகிறது. இதற்கெனக் கெர்னலுக்குரிய 128 டெராபைட்டின் தொடக்கத்தில் 8 டெராபைட் ஒதுக்கப்பட்டுள்ளது. எழுமாற்றுத் தெரிவு அதனைத் தீண்டலாகாது.

2018இல் ஓர் இடர் நேர்ந்தது. புதுவகைச் செயலிகளுக்கான அமைப்பில், செயலியின் சிறு அட்டவணை ஒன்று, எழுமாற்றாகப் பங்கிடப்படும் பரப்பின் நடுவே கிடந்தது. பிற பகுதிகள் அதன்மேல் வந்து விழக்கூடும். ஆகவே அதனைத் தரவுப் பகுதிகளுக்கு முன்னால் வைத்து, அப்பகுதிகளின் தொடக்கத்தை அரை டெராபைட் தள்ளினர். அவ்வளவில், ஜென்னின் முதன்மை விருந்தினராக இயங்கும் லினக்ஸ் தொடங்கும்போதே முறிந்து வீழ்ந்தது.

காரணம் யாது? ஒதுக்கிடம் எங்குளது என்பது கெர்னலில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவில்லை. அண்டைப் பகுதிகளிலிருந்து அளந்தே அது கணிக்கப்பட்டது. அண்டை நகர, கணக்கும் பிழைத்தது. மட்டக்களப்பு வாவிக்கரையில் வயல் வைத்திருப்போர்க்கு இது புரியாத செய்தியன்று. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே கிடக்கும் அந்நீர், மாரியில் ஏறும். முகத்துவாரம் திறந்து கடலோடு கலந்தபின் இறங்கும். நீர் விளிம்பிலிருந்து முழம் போட்டுத் தன் காணியின் எல்லையைச் சொல்பவனுக்குக் கார்த்திகையில் ஓர் எல்லை, ஆடியில் வேறோர் எல்லை. வழக்குக்கு அது ஒன்றே போதும்.

கிரில் ஷுடெமோவ் என்னும் நிரலாளர் எல்லைக்கல்லையே நட்டார். ஒதுக்கிடத்தின் தொடக்கமும் முடிவும் நிலையான எண்களாக எழுதப்பட்டன. கெர்னலின் பிற பகுதிகள் எவ்வாறு மாறினும் இவ்வெல்லை மாறலாகாது, ஏனெனில் ஹைப்பர்வைசர்கள் அது நிலைத்திருக்கும் என நம்பியே எழுதப்பட்டவை என்பது அவர் தந்த விளக்கம். 2018 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 4.20இல் அத்திருத்தம் இடம்பெற்றது.