கண்டி வீதியின் இறக்கமும் பிறேக்கின் வரலாறும்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதி கடுகண்ணாவைக் கணவாயை ஏறி முடிக்கும் இடத்திலே உயர்ந்த கோபுரம் ஒன்று நிற்கின்றது. அவ்வீதியை அமைத்த பொறியியலாளருள் முதன்மையானவரான கப்டன் டோசன் 1829ஆம் ஆண்டிற் காலமானார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்டது அக்கோபுரம். அதற்குச் சிறிது கீழே பாறையொன்றைக் குடைந்து வழி செய்திருக்கின்றனர். மலையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி அடிமைப்படும் என்றொரு பழமொழி கண்டி மக்களிடையே வழங்கியதென்றும், அதனை மெய்ப்பிப்பதற்காகவே ஆங்கிலேயர் பாறையைக் குடைந்தனரென்றும் கூறுவர். கண்டி இராச்சியம் 1815இலேயே வீழ்ந்துவிட்டது. வீதி வேலையோ 1820இன் பின்னரே தொடங்கியது. ஆகவே பழமொழி பலித்ததென்பதிலும், வென்றவர் அதனைத் தமக்கு வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொண்டனர் என்பதே பொருந்தும்.

தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்தில் அமைந்த இவ்வீதியைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் ஏற்றத்தின் வரலாறாகவே சொல்லப்படுகின்றது. படை ஏறியது, 1832 முதல் தபால் வண்டி ஏறியது, கோப்பித் தோட்டத்துக்கு வேண்டிய அரிசி ஏறியது. ஏறியவை அனைத்தும் இறங்கவும் வேண்டும் என்பது ஏனோ நினைக்கப்படுவதில்லை. கோப்பி மூடைகளைச் சுமந்த மாட்டுவண்டிகள் கொழும்பை நோக்கி இறங்கியபோதுதான் அவ்வீதியின் உண்மையான இடர் வெளிப்பட்டது. ஏற்றத்தில் மாடு களைத்தால் வண்டி நிற்கும். இறக்கத்தில் மாடு களைத்தால் வண்டி மாட்டின்மேல் ஏறும். சக்கரத்தின் விளிம்பிலே மரக்கட்டையை அழுத்தி உரசச் செய்து வேகத்தை அடக்குவதே அக்கால வண்டிக்காரன் அறிந்த வழி. கட்டை தேய்ந்தால் வேறு கட்டை செதுக்கிக்கொள்வான். எந்த மரம் கருகும், எந்த மரம் வழுக்கும் என்பதை அவன் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தான். பிறேக்குக்குத் தக்க பொருளைத் தெரிந்தெடுத்தல் என்னும் கலை அங்கேயே தொடங்கிவிட்டது.

இக்கலை விஞ்ஞானமானது புகையிரதம் வந்தபின். 1867இல் கண்டிவரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையிலான மலைப்பகுதியில் 45 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் அப்பாதை உயர்கின்றது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது இச்சரிவு சிறிதன்று. அதே நூற்றாண்டில், 1878ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் பிறைற்றன் நகரையடுத்த இருப்புப்பாதையிலே கப்டன் டக்ளஸ் கோல்ற்றன் என்பவர் தொடர்ந்து பல சோதனைகள் நடத்தினார். சக்கரத்தில் இரும்புக் கட்டை அழுந்தும்போது உண்டாகும் உராய்வு எல்லா வேகத்திலும் ஒரே அளவினதாய் இருக்கும் என்பதே அதுவரை பலரும் கொண்டிருந்த எண்ணம். அவர் கண்டதோ வேறு. வேகம் மிகமிக உராய்வு குறைந்தது. கட்டையை நெடுநேரம் அழுத்திப் பிடித்தபோதும் குறைந்தது. பிறேக்கு எப்பொழுது மிகவும் வேண்டப்படுகின்றதோ அப்பொழுதே அது வலிகுன்றும் என்ற இவ்வுண்மையை, பின்னர் மோட்டார் வண்டிக்குப் பொருள் தேடியோர் எவரும் தவிர்க்க முடியவில்லை.

அவ்வாறு தேடியவருள் ஹேர்பேட் புரூட் என்பவரின் கதை சுவையானது. இங்கிலாந்தின் டாபிஷயர் மலைப்பகுதியில், குதிரைவண்டிக்காரர் இறக்கங்களிலே பழைய சப்பாத்துக்களைச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்து வேகத்தை அடக்கியதை அவர் கண்டார் என்பர். 1897இல் அவர் தம் சோதனைகளைத் தொடங்கினார். முதலிற் பருத்தித் துணியும் பிசினும் சேர்ந்த பட்டைகளைச் செய்தார். அவை சூட்டிற் கருகின. 1908 அளவில் அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நாரை நெய்து பிசினூட்டிய பட்டைகளைச் செய்தார். அவர் நிறுவிய பெரோடோ என்னும் தொழிற்சாலையின் பெயர், அவருடைய பெயரின் எழுத்துக்களை இடம்மாற்றி ஓரெழுத்தைக் கூட்டி அமைந்தது. கண்டியின் சப்பாத்தும் டாபிஷயரின் சப்பாத்தும் ஒன்றல்லவாயினும், இரண்டிடத்தும் மலைதான் ஆசிரியனாய் இருந்தது.

கல்நார் எரியாது, மலிவானது, சூட்டிலும் ஓரளவு உராய்வைக் காக்கும். ஆகவே முக்கால் நூற்றாண்டுக்கு உலகின் மோட்டார் வண்டிகள் அதனை நம்பியே இறங்கின. ஆனால் அதன் தூசு நுரையீரலிற் புகுந்து உயிரைக் கொல்வது. 1924இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரிலே கல்நார் நூற்கும் ஆலையில் வேலை செய்த பெண்ணொருத்தி இறந்தாள்; அவளுடைய நோயை வைத்தியர் குக் ஆராய்ந்து மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். 1931இல் அந்நாடு ஆலைகளுக்குச் சட்டம் செய்தது. எல்லா வகைக் கல்நாரும் அங்கே தடை செய்யப்பட்டதோ 1999இலேதான். முதல் எச்சரிக்கைக்கும் முழுத் தடைக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு கழிந்தது. பிறேக் டிறம்மைத் திறந்து காற்றடித்துத் தூசு தட்டிய தொழிலாளர் பலர் இக்கணக்கில் எழுதப்படாதவர்.

இனித் தட்டுப் பிறேக்கின் கதை. டிறம்மின் உட்புறத்தில் லைனிங் அழுந்துவது பழைய முறை. டிறம் சூடேறினால் விரிந்து லைனிங்கைவிட்டு விலகும். வெப்பமும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். இதற்கு மாறாக, சுழலும் தட்டினை இருபுறமும் பட்டைகளாற் கவ்விப் பிடிக்கும் முறையை இங்கிலாந்திற் பிரடெரிக் லான்செஸ்டர் 1902இற் காப்புரிமை செய்தார். சூடேறிய தட்டு தடித்துப் பட்டையை நோக்கியே வரும். காற்றும் அதன்மீது நேராகப் படும். ஆயினும் அவர் பயன்படுத்திய செப்புப் பட்டைகள் விரைவில் தேய்ந்தன, கிறீச்சென்று கத்தின. தக்க உராய்வுப் பொருள் இன்றி நல்ல பொறியும் அரை நூற்றாண்டு உறங்கவேண்டியதாயிற்று. 1953இல் பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்திலே, தட்டுப் பிறேக்குகள் பூண்ட ஜக்குவார் சி வகைக் கார் வெற்றி பெற்றது. நெடிய நேர்வழியின் முடிவில் ஏனையோர் முன்கூட்டியே வேகம் குறைத்த இடத்திலும் அக்கார் பின்வரை வேகத்தைக் காத்துச் சென்றது. 1956இல் டிரயம்ப் டி.ஆர். 3 காரும், 1959இல் எம்.ஜி.ஏ. 1600 காரும், 1962இல் எம்.ஜி.பி. காரும் முன் சக்கரங்களிலே தட்டுப் பிறேக்குடன் வெளிவந்தன. தட்டினைக் கவ்வும் உராய்வுத் துண்டுக்குப் 'பாட்' என்ற பெயர் மக்கள் வழக்கில் நிலைத்தது இக்காலத்திலேதான்.

இலங்கையில் ஸ்போர்ட்ஸ் கார் விரும்புவோர்க்கு மலைநாடே பெருமைக்குரிய இடம். நுவரெலியாவின் மககஸ்தொட்டையில் 1934ஆம் ஆண்டு முதல் மலையேற்றப் பந்தயம் நடைபெற்று வந்திருக்கின்றது. ஆனால் அதன் பெயரே குறிப்பதுபோல அது ஏற்றப் பந்தயம். எஞ்சினையும் ஓட்டுநர் திறமையையும் சோதிப்பது. பிறேக்கினைச் சோதிப்பன கடுகண்ணாவை இறக்கமும், றம்பொடை வழியும், ஹுன்னஸ்கிரியவைக் கடந்து மகியங்கனை நோக்கி விழும் பதினெட்டு வளைவும். அங்கே பரிசளிப்பவர் எவருமில்லை.

சிறிதாகக் கணக்கிட்டால் நிலை விளங்கும். 1200 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று செங்குத்தாக 100 மீற்றர் இறங்குமாயின், அது இழக்கும் சத்தி, 30 பாகையிலுள்ள 4 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். எஞ்சினும் காற்றும் அதிற் பங்கு கொள்ளாவிடின், அவ்வெப்பம் முழுவதும் தட்டுக்களிலும் பாட்டுகளிலுமே சேரவேண்டும். கண்டி மலையின் இறக்கங்களோ நூறு மீற்றரோடு முடிவன அல்ல.

இதனை மனத்திற்கொண்டு பாட்டினைத் தெரிந்தெடுக்கும்போது, பந்தயக் காருக்கு உரியது சிறந்தது என்னும் எண்ணம் முதலில் தோன்றும். அது பிழை. பந்தயப் பாட்டு சூடேறிய பின்னரே நன்கு பற்றும். காலையிலே பனி விழுந்த கண்டி வாவிக் கரையில், நெரிசலுக்கிடையே ஊர்ந்து செல்லும் காருக்கு அது இன்னும் குளிராகவே இருக்கும். திடீரெனக் குறுக்கே ஒருவர் வந்தால் எதிர்பார்த்த இடத்தில் கார் நில்லாது. தட்டினையும் அது விரைவில் அரித்துவிடும். மறுபுறம், நகரத்துக்கென்றே செய்த மென்மையான நார்ப் பாட்டு சத்தமின்றித் தொடக்கத்திலேயே பற்றும். ஆனால் நெடிய இறக்கத்திற் பிசின் வாயு வடிவில் வெளியேற, பாட்டின் முகம் கண்ணாடிபோல் மினுங்கி வழுக்கத் தொடங்கும். உலோகத் தூள் கலந்த பாட்டு சூட்டைத் தாங்கும், தட்டைத் தேய்க்கும், வெப்பத்தை நன்கு கடத்தும். பீங்கான் இழை கலந்தது ஓசையும் தூசியும் குறைந்தது. ஆனால் அப்பெயரைக் கண்ட அளவில் அது பந்தயத்துக்கு ஏற்றதென்று கொள்ளலாகாது. கண்டியிலும் அதன் சூழலிலும் கார் ஓட்டுபவர்க்கு வேண்டியது, குளிரிலே கைவிடாததும், சூடேறினால் திடீரென விழாததுமான நடுநிலைப் பொருளாகும்.

பாட்டின் விளிம்பில் பொறிக்கப்பட்ட இரண்டு ஆங்கில எழுத்துக்களைப் பார்த்தல் நலம். முதலெழுத்து சாதாரண வெப்பநிலை உராய்வையும், இரண்டாமெழுத்து மிகுவெப்ப உராய்வையும் குறிக்கும். ஈ என்பது 0.25 முதல் 0.35 வரை, எப் என்பது 0.35 முதல் 0.45 வரை, ஜி என்பது 0.45 முதல் 0.55 வரை. முதலெழுத்து உயர்ந்தும் இரண்டாமெழுத்து தாழ்ந்தும் இருக்குமாயின், அந்தப் பாட்டு மலைக்கு உதவாது. ஆயினும் இவ்வெழுத்துக்கள் ஆயுளையும் கட்டமைப்பின் வலிமையையும் கூறுவன அல்ல. ஐரோப்பிய 90ஆம் இலக்க விதி, மாற்றுப் பாட்டின் செயற்பாடு முதற் பாட்டிலிருந்து 15 வீதத்துக்குமேல் வேறுபடலாகாதென வரையறுப்பது. அவ்விதிக்கு இணங்கியதென்ற குறி காணப்படின், போலிப் பாட்டாய் இருக்குமோ என்ற ஐயம் ஓரளவு குறையும். ஒரே அச்சின் இரு சக்கரத்துக்கும் ஒரே வகையே இடவேண்டும். முன்னும் பின்னும் பெரிதும் மாறுபட்ட பொருளை இட்டால், ஈரமான வளைவிற் பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொள்ளும் அபாயமுண்டு.

பாட்டு மாற்றியும் தீராத குறை ஒன்றுண்டு. இறக்கத்திற் காலடிப் பெடல் கெட்டியாய் நின்றும் கார் நிற்காவிடின், குறை பாட்டினுடையது. பெடல் பஞ்சுபோல் நிலம்வரை தாழுமாயின், கொதித்தது பிறேக் திரவம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 வகைத் திரவம் புதிதாய் இருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது; நீர் கலந்த நிலையில் 155 பாகை வரையே தாங்கும் எனத் தரம் வகுக்கப்பட்டுள்ளது. மழை மிகுந்த மலைநாட்டிலே இத்திரவத்தைப் புதுப்பியாது விலையுயர்ந்த பாட்டு வாங்குபவர், ஓட்டையுள்ள குடத்துக்கு மூடி செய்பவர். சூட்டைத் தாங்கும் பாட்டு அச்சூட்டைத் திரவத்துக்கு அனுப்பவும் கூடுமாதலால், வலிய பாட்டுக்குப் புதிய திரவமே துணையாகும்.

புதுப்பாட்டு பூட்டிய அன்றே கடுகண்ணாவையில் இறங்குதல் கூடாது. சமதரையிலே மிதமான வேகத்திலிருந்து சிலமுறை படிப்படியாக வேகம் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, தட்டும் பாட்டும் பொருந்தும்படி செய்தல் வேண்டும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே வருதல் பழைய ஓட்டுநரின் பாடம். பிறேக்கை ஓயாது தடவாமல், ஒருமுறை உறுதியாக அழுத்தி, பிறகு முழுதும் விடுதல் அடுத்த பாடம். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றின் பின்சக்கர டிறம்முக்குள் கல்நார் லைனிங் இன்னும் இருக்கக்கூடும். அதனைக் கழற்றுவோர் காற்றடித்துத் தூசு தட்டாது, ஈரத்துணியால் துடைத்துத் துணியையும் பையிற் கட்டி அகற்றுதல் வேண்டும்.