ராணுவத்துக்காகப் பிறந்த பனிச்சரிவு ஆய்வு

தமிழ்நாட்டின் வாலிகண்டபுரத்து மாசி வெயிலில் உட்கார்ந்து பனிச்சரிவை ஆராய்வது வேடிக்கையாகப் படலாம். ஆனால் 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினின் சோனம் காவல் நிலையில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் புதையுண்ட பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியனில் பணியாற்றியவர்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். இந்தியாவில் பனியைப் பற்றிய அறிவு இத்தகைய காவல் நிலைகளுக்காகவே வளர்ந்தது. பனிச்சறுக்கு விளையாட்டு வீரர்கள் அந்த அறிவைத் தேடிப் பின்னர் வந்து சேர்ந்தவர்கள்.

குல்மார்க்கில் 1948இல் ராணுவம் தொடங்கிய பனிச்சறுக்குப் பள்ளி 1962இல் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியானது. 1969இல் மணாலியில் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் அமைந்தது. எல்லைச் சாலைகளும் முகாம்களும்தான் அதன் முதல் கவலை. 1979 மார்ச்சில் லாஹௌலில் 200க்கும் மேற்பட்டோர் பனிச்சரிவுகளில் மாண்டபோது, ஊர்மக்களுக்கும் இந்த அறிவு தேவை என்பது வெளிப்பட்டது. இமயப் பனியை மூன்று மண்டலங்களாகப் பிரித்தறிந்ததும் இந்நிறுவன ஆய்வாளர்களே: பீர் பஞ்சாலில் மிகுபனியும் மிதமான குளிரும், காரகோரத்தில் குறைந்த பனியும் கடுங்குளிரும், பெரிய இமயம் இரண்டுக்கும் இடைப்பட்டது. 2020இல் நிறுவனம் பாதுகாப்பு நிலப்பரப்பு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு, பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆய்வு நிறுவனமானது.

இன்று வெளியாகும் பனிச்சரிவு எச்சரிக்கை மாவட்டத்தையும் உயரத்தையும் சொல்லி, அபாயத்தின் அளவையும் சொல்லும். சாலையை மூட அது போதும். சறுக்குபவருக்கோ தன் காலடியில் இருக்கும் ஒரே ஒரு சரிவைப் பற்றித்தான் தெரிய வேண்டும். 2005இல் குல்மார்க் கேபிள் காரின் இரண்டாம் கட்டம் திறக்கப்பட்ட பின், டிக்கெட் வாங்கியவர் எவரும் ஏறத்தாழ 3,980 மீட்டர் உயரத்துக்கு, அஃபர்வட் மலைக்கு, நிமிடங்களில் போய்விடலாம். மூச்சு வாங்க ஏறும்போது பனியைக் கவனிக்கக் கிடைத்த நேரம் போய்விட்டது. இந்த வரலாற்றில் முக்கியமான திருப்பம் இதுதான் என்பது என் கருத்து.

அப்படிக் கவனிக்க வேண்டியது என்ன? குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருக்கும். தரை பூஜ்ய டிகிரியை ஒட்டியும் மேற்பரப்பு கடுங்குளிராகவும் இருந்தால், அடியிலிருந்து நீராவி மேலேறி மணிகளைக் கோணல்மாணலாக வளர்க்கும். அந்தப் பனியைக் கையில் அள்ளினால் அஸ்கா சர்க்கரை போல உதிரும். உருண்டை பிடிக்க வராது. அதன்மேல் மேற்கத்தியக் காற்றழுத்தச் சலனம் ஒன்றரை மீட்டர் புதுப்பனியைக் கொட்டினால், 30 முதல் 45 டிகிரிச் சரிவில் ஒருவரின் எடையே போதும், முழுப் பாளமும் கழன்றுவிடும். இதை அறியக் குழி தோண்டி, முப்பது சென்டிமீட்டர் சதுரத் தூணொன்றைத் தனியே வெட்டி, மேலே மண்வாரியை வைத்துத் தட்டுவார்கள்: மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில் நழுவுகிறது என்பதே சோதனை.

பயிற்சி பெற்றவர்களும் தப்புவதில்லை. 2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க்கில் உயர்மலைப் பள்ளியைச் சேர்ந்த 17 ராணுவத்தினர் இறந்தனர். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வட்டில் போலந்துக்காரர் இருவரும், மறு ஆண்டு அதே மாதம் குல்மார்க் பகுதியில் ரஷ்யர் ஒருவரும் பலியாயினர்.

சோனத்தில் புதையுண்ட பத்துப் பேரில் ஒருவரான ஹனுமந்தப்பா ஆறாம் நாளில் உயிரோடு கிடைத்தது விதிவிலக்கு. அவரும் பிப்ரவரி 11 அன்று காலமானார். சுவிஸ் தரவுகளைக் கொண்டு 1994இல் வெளியான ஆய்வின்படி, புதையுண்டு பதினைந்து நிமிடத்துக்குள் மீட்கப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தனர். முப்பத்தைந்தாம் நிமிடத்தில் பிழைத்தவர் மூன்றில் ஒருவர்கூட இல்லை.