வீட்டுக் கணப்பும் உள்ளாட்சி ஒப்புதலும்: 1956ஆம் ஆண்டுப் பிரித்தானியத் தூய காற்றுச் சட்டம்

வீட்டினுள் எரியும் நெருப்பு அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டதா என்னும் வினா இங்கிலாந்தில் பழமையானது. 1662இல் விதிக்கப்பட்ட கணப்பு வரி, கணப்பு ஒன்றுக்கு ஆண்டிற்கு இரண்டு ஷில்லிங் என்ற அளவில் தண்டப்பட்டது. கணப்புகளை எண்ண அலுவலர்கள் வீடுகளுக்குள் நுழைந்தனர். வரியைக் காட்டிலும் அந்நுழைவே மக்களின் வெறுப்பை வளர்த்தது எனலாம். 1689இல் வரி நீக்கப்பட்டபோது, அயலார் வீடு புகுந்து சோதிக்க அது இடமளித்தது என்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

இத்தயக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் கரும்புகை கக்கும் புகைபோக்கிகளைப் பொதுத்தொல்லை என வரையறுத்தபோது, தனியார் குடியிருப்பின் புகைபோக்கியை வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. ஆலைப்புகை தண்டனைக்குரியதாயிற்று, வீட்டுப்புகையைச் சட்டம் தீண்டவில்லை. திறந்த கணப்பு, குடும்பம் கூடியிருக்கும் இடமாகவும் போற்றப்பட்டது. 1945இல் ஜார்ஜ் ஆர்வெல் அதனை ஆதரித்து நாளிதழ்க் கட்டுரையே எழுதினார்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டம் இந்நிலையைக் குலைத்தது. அம்மாதத் தொடக்கத்தில்தான் தரங்குறைந்த தூள்நிலக்கரியின் மீதிருந்த பங்கீட்டுக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியிருந்தது. உயிரிழந்தோர் ஏறத்தாழ 4,000 பேர் என அன்று மதிப்பிடப்பட்டது. பிற்கால ஆய்வு அதனை 12,000 வரை உயர்த்துகிறது. 1953இல் அமைக்கப்பட்ட ஹியூ பீவர் குழு, நாட்டின் புகையில் ஏறத்தாழப் பாதி வீட்டு நெருப்பிலிருந்து எழுவதாகக் கண்டது. அரசு காலந்தாழ்த்தவே, ஜெரால்டு நபாரோ தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அதன் பின்னரே அரசின் மசோதா வந்து, 1956 ஜூலை 5 அன்று சட்டமாயிற்று.

இச்சட்டத்தைப் புகைமூட்டத்தின் நேரடி விளைவாக மட்டும் கூறுவது வழக்கம். அது முழுமையன்று. புகையற்ற பகுதி என்னும் கருத்தை 1951இல் கோவென்ட்ரியும், 1952இல், பெரும்புகைமூட்டத்திற்கு முன்னரே, மான்செஸ்டரும் தத்தம் தனிச்சட்டங்களின்வழி நடைமுறைப்படுத்தியிருந்தன. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அக்கருத்தை நாடு முழுமைக்கும் விரித்தது. உள்ளாட்சி மன்றம் ஒரு பகுதியைப் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கலாம். அமைச்சரின் உறுதிப்பாடு பெற்றபின், அங்கே புகைபோக்கியிலிருந்து புகை வெளியேறுவது குற்றம். கல்கரி போன்ற அங்கீகரிக்கப்பட்ட எரிபொருளையோ விலக்களிக்கப்பட்ட கணப்பையோ பயன்படுத்தியதை மெய்ப்பிப்பவர் தப்பலாம்.

ஆயினும், பழைய கணப்பைப் பெயர்த்துப் புதியதைப் பொருத்தும் செலவை யார் ஏற்பது? சட்டத்தின் நுட்பம் இங்கேதான் உள்ளது. நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை மன்றம் திருப்பித் தரும். அவற்றுள் நான்கு பங்கு மத்தியக் கருவூலத்தினுடையது. பத்துப் பவுண்டுப் பணிக்கு வீட்டுக்காரர் இறுதியில் ஏற்பது மூன்று பவுண்டே. ஆனால் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வருமுன் தாமாகப் பணியை மேற்கொள்பவர், அதற்கு மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றிருத்தல் வேண்டும். 1689இல் வாயிலோடு திருப்பியனுப்பப்பட்ட அலுவலரை இம்முறை வீட்டுக்காரரே விண்ணப்பம் எழுதி அழைத்தார். தண்டனையைவிட இவ்வொப்புதல் முறையே வீட்டு வாயிலைத் திறந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மணிக்கு 55,000 பிரித்தானிய வெப்ப அலகுக்குக் குறைந்த வீட்டுக் கொதிகலன்களுக்கு, உலைகளை நிறுவுமுன் மன்றத்திற்கு அறிவிக்கும் கடமையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டமையும் பழைய தயக்கத்தின் எச்சமே.

நிலக்கரிச் சுரங்க வட்டாரங்களில் இம்முறை தடுமாறியது. சுரங்கத் தொழிலாளர் ஊதியத்தின் ஒரு பகுதியாகவே சலுகை நிலக்கரி பெற்றனர். பத்தில் ஏழு பங்கு மானியம் கணப்பை மாற்ற உதவுமேயன்றி, ஆண்டுதோறும் எரிபொருளை விலைகொடுத்து வாங்கும் சுமையை ஈடுசெய்யாது. அவ்வூர் மன்றங்கள் பல பகுதிகளை அறிவிக்கவே முன்வரவில்லை. மன்றத்தின் விருப்பத்தைச் சார்ந்திருந்த இவ்வதிகாரத்தை 1968ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தி, தயங்கும் மன்றங்களைக் கட்டாயப்படுத்தும் உரிமையை அமைச்சருக்கு அளித்தது. கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குள் அங்கீகாரமற்ற எரிபொருளை விற்பதையும் தடைசெய்தது.