கார் எஞ்சினில் பறந்த இரட்டை ஆசன விமானம்



சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், "இவன் இனி கராஜுக்குத்தான் சரி" என்று எவ்வளவு இலேசாகச் சொல்லிவிடுகிறோம்! அந்தச் சொல்லை வாயில் எடுக்க முன் ஒரு வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செரி குரோவ் என்றொரு சின்னக் கிராமம். அங்கே வாழ்ந்த பேர்னார்ட் பீட்டன்போல் எட்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை முடித்தவர். மெக்கானிக் வேலையும் மரவேலையும் அவருக்குக் கைவந்த கலை. விமானம் கட்ட ஆசை. ஆனால் விமான எஞ்சின் வாங்குவது சாதாரண மனிதருக்கு எட்டாத செலவு.

ஆகவே கார் எஞ்சினைப் பூட்டிப் பார்த்தார். போர்ட் மொடல் ரி எஞ்சினில் வலு போதவில்லை. அவர் விடவில்லை. பிறகு வந்த மொடல் ஏ எஞ்சின் சுமார் 40 குதிரைவலு கொண்டது. பாரம் அதிகம்தான், ஆனால் மெதுவாகச் சுழன்றே நல்ல வலுத் தரும். பெரிய மர விசிறியைச் சுழற்ற அது போதும். மரச்சட்டம், அதன்மேல் துணிப் போர்வை, தலைக்கு மேலே ஒற்றை இறக்கை, முன்பின்னாக இரண்டு ஆசனங்கள். 1929இல் அந்த எஞ்சினோடு 'எயார் கேம்பர்' பறந்தது. தண்ணீர் ரேடியேட்டர் முன்னால் நிமிர்ந்து நின்று பார்வையை மறைக்கும். அதையும் சமாளித்துத்தான் ஓட்டினார்கள்.

அக்காலத்தில் 'மொடர்ன் மெக்கானிக்ஸ்' சஞ்சிகையின் ஆசிரியர் வெஸ்டன் பார்மர், கார் எஞ்சின் விமானத்துக்குச் சரிவராது என்ற கருத்தில் இருந்தார். பீட்டன்போல் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1930இல் தமது இரண்டு விமானங்களை மினியாபொலிஸுக்குப் பறக்கவிட்டு நேரிலேயே காட்டினார். பார்மர் மனம் மாறினார். விமானத்தின் வரைபடங்கள் அவருடைய வெளியீட்டிலேயே அச்சாகின. தச்சுவேலை தெரிந்த எவரும் வீட்டுக் கொட்டிலில் விமானம் கட்டலாம் என்றானது.

பீட்டன்போல் 1984இல் காலமானார். அவருடைய வரைபடத்தைப் பார்த்து இன்றும் பல நாடுகளில் மக்கள் சொந்தக் கையால் எயார் கேம்பர் கட்டிப் பறக்கிறார்கள். அவருடைய விமானக் கொட்டில் ஒஷ்கொஷ் நகரில் பாதுகாக்கப்படுகிறது.

பள்ளிப் படிப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பள்ளியை விட்ட பிறகும் அவர் கற்பதை விடவில்லை என்பதைத்தான் சொல்கிறோம். நம் ஊர்க் கராஜ்களிலும் தச்சுப் பட்டறைகளிலும் நிற்கும் பிள்ளைகளுக்கு ஏச்சு வேண்டாம். ஒரு தொழிற்பயிற்சி நெறி, ஒரு நல்ல புத்தகம், "உன்னால் முடியும்" என்ற ஒரு வார்த்தை கொடுப்போம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.