பெயர்களில் வாழும் வரலாறு

ஒரு மக்களினத்தின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுதல் அறிஞர் வழக்கம். நாடிழந்து, பல தேயங்களில் சிதறி வாழ்ந்த யூதருக்கோ, அவர்தம் திருநாட்களின் பெயர்களே கல்வெட்டுகளாயின. எபிரேய மொழியில் அமைந்த அப்பெயர்கள் சிலவற்றின் பொருளை இன்று ஆராய்வோம்.

வாரந்தோறும் வருவது ‘சப்பாத்’. இச்சொல்லுக்கு ஓய்தல் என்பது பொருள். வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை எல்லாத் தொழிலும் ஓயும். ‘ரோஷ் ஹஷானா’ என்றால் ஆண்டின் தலை; அதுவே புத்தாண்டு. அம்மாதத்தின் பத்தாம் நாள் ‘யோம் கிப்பூர்’, அதாவது பாவக் கழுவாய் நாள். அன்று உண்ணாநோன்பு நோற்பர்.

வேளாண்மையோடு பிணைந்த பெருவிழாக்கள் மூன்று. ‘பெசாஹ்’ இளவேனிற்கால விழா. அப்பெயருக்குக் கடந்து செல்லுதல் என்று பொருள் கூறுவர். எகிப்தில் அடிமைப்பட்டிருந்த இசுரவேலரின் இல்லங்களைத் தொடாமல் சாவு கடந்து சென்றது என்பது மறைநூற் செய்தி. அதிலிருந்து ஏழு வாரங்களை எண்ணிக் கொண்டாடுவது ‘ஷவுவோத்’. பொருளும் வாரங்கள் என்பதே. அது கோதுமை அறுவடை விழா. கனி சேர்க்கும் காலத்து விழா ‘சுக்கோத்’, அதாவது குடில்கள். பாலைவனத்தில் முன்னோர் அலைந்ததை நினைந்து, இன்றும் தழை வேய்ந்த குடில்களில் அமர்ந்து உண்பர்.

கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் திருக்கோயிலை அழித்தனர். முதற்பலனைப் படைக்கக் கோயில் இல்லை. புலம்பெயர்ந்தோர் பலருக்கு வயலும் இல்லை. அவர்களுக்கு அறுவடை விழா எதற்கு? ஷவுவோத் மறைந்துவிடவில்லை. சீனாய் மலையில் திருச்சட்டம் அருளப்பட்ட நாளாக அது போற்றப்பட்டது. பெயர் நின்றது, பொருள் ஆழ்ந்தது.

மற்றொரு பெயர் இன்னும் உருக்கமானது. ‘திஷா பே ஆவ்’ என்பது ஆவ் மாதத்தின் ஒன்பதாம் நாள். கி.மு. 586-இல் பாபிலோனியர் அழித்த முதற்கோயிலுக்கும், உரோமர் அழித்த இரண்டாம் கோயிலுக்கும் துயர் காக்கும் நாள் அது. ஆவ், நிசான், திஷ்ரி முதலிய மாதப் பெயர்களோ பாபிலோனியாவில் சிறையிருந்தபோது யூதர் ஏற்றுக்கொண்டவை. இளவேனில் மாதத்திற்கு முன்பு வழங்கிய ‘ஆவிவ்’ என்னும் பெயர் போய், ‘நிசான்’ வந்தது. ஆகவே, கோயிலை இழந்த நாளைக் குறிக்கும் பெயரிலேயே, அதை இடித்தவர் நாட்டு மாதப் பெயரும் கலந்து நிற்கிறது!

துயரம் மட்டுமன்று, மீட்சியும் பெயராயிற்று. கி.மு. 164-இல் மக்கபேயர் திருக்கோயிலை மீட்டுத் தூய்மை செய்து மீண்டும் அர்ப்பணித்தனர். அந்நினைவாக எட்டு நாள் விளக்கேற்றும் விழாவுக்கு அர்ப்பணம் என்னும் பொருளில் ‘ஹனுக்கா’ என்று பெயர்.

மண்ணைப் பறிக்கலாம், கோயிலை இடிக்கலாம். ஆயினும், ஆண்டுதோறும் நாவில் எழும் பெயரை எவரும் இடித்தல் இயலாது. ஒரு விழாவின் பெயரைக் கேட்கும்போது அதன் பொருள் யாது எனக் கேளுங்கள், மாணவர்களே! வரலாறு அங்கே விடை சொல்லும்.