எண்ணெயும் புரதமும்: சோயா விதையின் வரலாற்றில் இலங்கை

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, களுபோவில ஆகிய இடங்களிற் சோயா மீற் பொதி இல்லாத பலசரக்குக் கடையைக் காண்பது அரிது. இறைச்சிக்கு ஈடாக அடுக்களை புகுந்த இப்பண்டம், சோயா அவரையிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் மாவினாற் செய்யப்படுவது என்பதைப் பலர் அறியார். விதை ஒன்றே, ஆயின், அதன் எண்ணெய் ஒரு சந்தைக்கும் புரதம் வேறொரு சந்தைக்கும் செல்கின்றன. இப்பிரிவினை ஆலைத் தொழிலால் மட்டும் விளைந்ததன்று. விதையின் உள்ளமைப்பையே மனிதர் தம் தேவைக்கேற்ப மாற்றிவந்த நெடிய வரலாறு அதற்குப் பின்னணியாக உள்ளது. அவ்வரலாற்றில் இலங்கை பெற்ற இடத்தை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

சோயா அவரை கிழக்காசியாவிற் பயிராக்கப்பட்டது. அதன் மூதாதையான காட்டுச் சோயா சிறிய, கரிய விதைகளை உடையது. அவ்விதையில் எண்ணெய் ஏறத்தாழ 10 சதவீதமே. இன்றைய பயிர்ச் சோயாவில் அது ஏறத்தாழ 20 சதவீதமாகவும், புரதம் ஏறத்தாழ 40 சதவீதமாகவும் உள்ளன. இம்மாற்றத்தின் ஒரு காரணத்தை 2022ஆம் ஆண்டிலே பிறப்புரிமையியலாளர் தெளிவுபடுத்தினர். 20ஆவது நிறமூர்த்தத்தில், பவர்-1 (POWR1) என வழங்கும் பரம்பரையலகு ஒன்றினுள், இடம்பெயரும் இயல்புடைய டிஎன்ஏ துண்டொன்று எப்பொழுதோ புகுந்துகொண்டது. அதன் விளைவாக விதை பருத்தது, எண்ணெய் மிகுந்தது, விளைச்சல் உயர்ந்தது, புரதமோ குறைந்தது. பெரிய விதைகளைத் தெரிந்து மீண்டும் விதைத்த பண்டைய உழவர், தாம் அறியாமலே இவ்வலகினைத் தெரிவு செய்தனர் எனலாம்.

எண்ணெய் கூடினாற் புரதம் குறைவது இவ்வலகிற்கு மட்டும் உரிய இயல்பன்று. இலையிலிருந்து விதைக்கு வந்துசேரும் வெல்லம் ஓர் அளவினதே. அதனை எண்ணெயாக்குவதா புரதமாக்குவதா என்பதைப் பல பரம்பரையலகுகள் கூடி நிருணயிக்கின்றன. ஆகவே, எதனைப் பெருக்குவது என்ற வினா, அவ்விதை யாருக்காக என்ற வினாவாகவும் அமைந்துவிடுகின்றது.

கீழைத்தேயத்தார்க்குச் சோயா பெரிதும் உணவாகவே விளங்கிற்று. மேலைத்தேயமோ அதனை எண்ணெய் வித்தாக நோக்கியது. 1908ஆம் ஆண்டளவில் மஞ்சூரியாவிலிருந்து பெருந்தொகையான சோயா ஐரோப்பாவுக்குச் சென்றபோது, சவர்க்கார ஆலைகள் அதன் எண்ணெயை விரும்பி ஏற்றன. 1929 முதல் 1931 வரை அமெரிக்க விவசாயத் திணைக்களத்தினர் யப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளிற் பயணஞ்செய்து ஆயிரக்கணக்கான சோயா மாதிரிகளைத் திரட்டினர். இரண்டாம் உலகப் போரில் யப்பான் தென்கிழக்காசியாவைக் கைப்பற்றியதும் தேங்காயெண்ணெய் முதலானவற்றின் வரவு தடைப்பட, அமெரிக்கச் சோயாச் செய்கை பல்கிப் பெருகியது.

எண்ணெயின் அளவைப் போன்று அதன் தன்மையும் ஆராயப்பட்டது. சோயா எண்ணெயில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு ஒலெயிக்கமிலம்; பாதிக்குச் சற்று மேற்பட்டது லினோலெயிக்கமிலம்; 7 அல்லது 8 சதவீதம் லினோலெனிக்கமிலம். ஒலெயிக்கமிலத்தை லினோலெயிக்கமிலமாக மாற்றும் நொதியத்தை ஃபாட்-2 என்னும் பரம்பரையலகுகளும், அதனை லினோலெனிக்கமிலமாக மாற்றும் நொதியத்தை ஃபாட்-3 என்பனவும் ஆக்குவிக்கின்றன. இறுதியிற் குறிப்பிட்ட அமிலமே எண்ணெயை விரைவிற் காறலடையச் செய்வது. இதனைத் தவிர்க்க ஆலைகள் எண்ணெயினுள் ஐதரசனைச் செலுத்தின. அம்முறையோ இதயத்துக்குத் தீங்கான மாறுபக்கக் கொழுப்பைத் தோற்றுவித்தது. 2010ஆம் ஆண்டில், ஃபாட்-2 அலகுகள் இரண்டும் செயலிழந்த வகைகளைக் கலந்து, ஒலெயிக்கமிலம் 80 சதவீதமளவு கொண்ட சோயாவை அமெரிக்க ஆய்வாளர் பெற்றனர். ஆலை செய்த வேலையை விதையே செய்யத் தொடங்கியது.

இலங்கையின் தேவை முற்றிலும் வேறானது. தென்னை வளம் மிக்க இந்நாட்டிற் சமையலெண்ணெய்க்காகச் சோயாவை நாடவேண்டிய நிலை இருக்கவில்லை. குறைவாக இருந்தது வறியவரின் உணவிற் புரதமே. 1973ஆம் ஆண்டிலே தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான திரிபோஷ சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அமெரிக்க உணவுதவிப் பொருள்களைச் சார்ந்திருந்த அது, பின்னர் உள்நாட்டுச் சோளத்தையும் சோயாவையும் பயன்படுத்தலாயிற்று. திரிபோஷவிற் சோயா எண்ணெய் பிரிக்கப்படாமலே சேர்க்கப்படுகின்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. புரதம் குழந்தையின் உடலை வளர்க்க, எண்ணெய் அதற்குச் சக்தியளிக்கின்றது. உலகச் சந்தை பிரித்த இரண்டும் இங்கு ஒரே கிண்ணத்திற் சேர்ந்தன.

இதே காலப்பகுதியில் விவசாயத் திணைக்களம், இலினோய்ப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச சோயாத் திட்டம் முதலியவற்றின் துணையுடன், சோயாச் செய்கையை ஊக்குவித்தது. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் வகைகள் பரிசோதிக்கப்பட்டன. கன்னொறுவையில் சோயா உணவு ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. மகாவலி எச் வலயத்தின் நெல்வயல்களிற் சிறுபோகப் பயிராகச் சோயா இடம்பெற்றது. ஆயினும், பிறநாட்டு விதை இந்நாட்டு நிலத்துக்கு எளிதில் இசையவில்லை. நீண்ட கோடைப் பகலுக்குப் பழகிய வகைகள், பகற்பொழுது குறுகிய வெப்பவலயத்தில் முதிர்ச்சியடையுமுன்னரே பூத்து விளைச்சலைக் குறைத்தன. வெப்பமும் ஈரப்பதனும் மிக்க சூழலிற் சேமித்த விதை, அடுத்த விதைப்புக்கு முன்னரே முளைதிறனை இழந்தது. விதையின் தரம் பற்றி ஆசிய விஞ்ஞானிகள் 1981 சனவரியிற் கொழும்பிற் கூடி ஆராய்ந்தமை இப்பிரச்சினையின் தாக்கத்தை உணர்த்தும்.

அன்று எழுந்த நம்பிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. நாட்டின் கோழித்தீவனத்துக்கான சோயாப் பிண்ணாக்கு பெரிதும் இறக்குமதியாகவே வருகின்றது. 2021ஆம் ஆண்டின் இரசாயனப் பசளைத் தடையினால் உள்நாட்டுச் சோளச் செய்கை வீழ்ச்சியடைய, 2022இன் பொருளாதார நெருக்கடியில் மூலப்பொருளின்றிச் சிறுவர்க்கான திரிபோஷ உற்பத்தி தடைப்பட்டது. கிளினிக்குக்குச் சென்ற தாய்மார் வெறுங்கையுடன் திரும்ப நேர்ந்தபோது, விதையும் விளைநிலமும் பற்றிய முடிவுகள் யாரைச் சென்று தாக்குகின்றன என்பது புலனாயிற்று.

பிறப்புரிமையியல் வளர்ந்துள்ள இக்காலத்தில், சோயாவின் எந்தப் பண்பைப் பெருக்குவது என்பதை முன்னரிலும் விரைவாகத் தீர்மானிக்க முடிகின்றது. ஆயின், எதனைப் பெருக்கவேண்டும் என்பதை ஆய்வுகூடம் மட்டும் கூறிவிட முடியாது. பொரியலெண்ணெய் ஆலைக்கு உகந்த விதை ஒன்று. மந்தபோசணையுற்ற குழந்தைக்கு உகந்த விதை இன்னொன்று. வடமத்திய மாகாண விவசாயியின் சாக்கில் ஒரு போகம் கடந்தும் முளைக்கவல்ல விதை பிறிதொன்று. பிறர் தமக்கெனத் தெரிந்தெடுத்த விதையை வாங்கிக்கொள்ளும் நாடு, அவர்தம் தேவைகளையும் சேர்த்தே வாங்கிக்கொள்கின்றது. தனக்கு வேண்டிய விதையைத் தானே தெரிவு செய்தற்கான ஆய்வும் நிதியும் உறுதியும் இந்நாட்டுக்கு இன்றியமையாதன.