தேனி மாவட்டத் தொல்கலை

தேனி மாவட்டத் தொல்கலை என்பது, தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் வைகை ஆற்றங்கரையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் காணப்படும் பழங்கால நினைவுக்கற்கள், பாறைச் சிற்பங்கள், எழுத்துப் பொறிப்புகள் ஆகியவற்றைக் குறிக்கும். ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட மூன்று நடுகற்கள் இவற்றுள் தலையாயவை. தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்ட இக்கற்கள், இந்தியாவில் இதுவரை அறியப்பட்ட எழுத்துடை நடுகற்களுள் மிகப் பழமையானவையாகக் கருதப்படுகின்றன. இவற்றில் வீரனின் உருவம் செதுக்கப்படவில்லை. எழுத்து மட்டுமே உள்ளது. கலை வரலாற்றைத் தொடக்கநிலையில் கற்போருக்கு இக்கற்கள் முக்கியமானவையாக இருப்பதற்கு இதுவே காரணம் ஆகும்.

அமைவிடம்

தேனி மாவட்டம் 1996 ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதன் மேற்கிலும் தெற்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலை அமைந்துள்ளது. வருசநாட்டு மலைப்பகுதியில் வைகை ஆறு தோன்றுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் வழியே பாயும் முல்லையாறு, சுருளியாறு முதலியவற்றின் நீரும் வைகையைச் சென்றடைகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகியன இப்பள்ளத்தாக்கின் முக்கிய ஊர்கள். புலிமான்கோம்பை இப்பள்ளத்தாக்கிற்கு வடகிழக்கே, வைகை ஆற்றின் கரையில் உள்ளது.

மலையடிவாரப் புல்வெளிகளும் ஆற்றங்கரை நிலங்களும் கால்நடை வளர்ப்புக்கு ஏற்றவை. பழந்தமிழர் வாழ்வில் கால்நடையே பெருஞ்செல்வமாக இருந்தது. எனவே ஆநிரை கவர்தலும் மீட்டலும் அக்காலப் பூசல்களில் முதன்மையான இடம் பெற்றன. இப்பூசல்களில் இறந்தோருக்குக் கல் நடும் வழக்கம் சங்க இலக்கியத்தில் பல இடங்களில் குறிப்பிடப்படுகிறது. கல்லைத் தெரிவு செய்தல், நீராட்டுதல், நடுதல், படையலிடுதல், வாழ்த்துதல் எனக் கல் நடும் நிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்திக் கூறுகிறது.

புலிமான்கோம்பை நடுகற்கள்

கண்டுபிடிப்பு

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள், தொல்லியல் அறிஞர் கா. ராஜனின் வழிகாட்டுதலில் வைகைப் பகுதியில் களஆய்வு மேற்கொண்டபோது 2006 ஆம் ஆண்டில் இக்கற்களைக் கண்டறிந்தனர். சிதைந்துபோன ஒரு பழைய ஈமக்காட்டுப் பகுதியில் இவை கிடைத்தன. இதனால் பெருங்கற்கால ஈமச்சின்ன மரபுக்கும் பிற்கால நடுகல் மரபுக்கும் இடையிலான தொடர்பை ஆராய இவை உதவுகின்றன.

வாசகம்

மூன்று கற்களுள் ஒன்றன் வாசகம் முழுமையாக உள்ளது. அது பின்வருமாறு படிக்கப்படுகிறது:

கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்

"கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனின் கல்" என இதற்குப் பொருள் கொள்ளப்படுகிறது. ஆகோள் என்பது ஆநிரையைக் கவர்ந்து கொள்ளுதல் ஆகும். இச்சொல் தொல்காப்பியத்தில் வெட்சித் திணையைக் கூறும் பகுதியில் இடம்பெறுகிறது. இலக்கணநூல் கூறும் ஒரு கலைச்சொல், அதே பொருளில் ஓர் ஊரின் நினைவுக்கல்லில் காணப்படுவது குறிப்பிடத்தக்கது. எனினும் அந்தவன் ஆநிரையைக் கவரச் சென்றவனா, கவர வந்தோரைத் தடுத்தவனா என்பதைக் கல்வெட்டு வெளிப்படையாகக் கூறவில்லை.

மற்றொரு கல்லில் வேளூர் என்னும் ஊர்ப்பெயரும் அவ்வன், பதவன் என்னும் சொற்களும் படிக்கப்பட்டுள்ளன. எஞ்சிய கல் உடைந்துள்ளதால் அதன் வாசகம் முழுமையாகக் கிடைக்கவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூர் என்னும் ஊர் இன்றும் உள்ளது. ஆயினும் ஆறுகள் கூடுமிடங்களில் அமைந்த ஊர்கள் தமிழகத்தின் பல பகுதிகளில் இப்பெயரைப் பெற்றுள்ளன. ஆதலால் கல்வெட்டில் வரும் ஊர் இதுவே என்று துணிவதற்குப் பெயரொற்றுமை மட்டும் போதிய சான்று ஆகாது.

காலம்

கல்லில் பொறித்த எழுத்தின் காலத்தைக் கரிமக் காலக்கணிப்பு முறையால் நேரடியாகக் கணக்கிட இயலாது. அம்முறைக்கு நெல், கரி, எலும்பு போன்ற உயிரிப் பொருள் தேவை. எனவே எழுத்துகளின் வடிவத்தை ஒப்பிட்டே இத்தகைய கற்களின் காலம் கணிக்கப்படுகிறது. ராஜன் இவற்றுள் பழமையானதைக் கி.மு. 4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதுகிறார். தமிழ்ப் பிராமி எழுத்து அசோகர் காலத்திற்குப் பின்னரே தமிழகத்திற்கு வந்தது என்னும் கருத்துடையோர் இதற்குப் பிற்பட்ட காலத்தையே ஏற்பர்.

இவ்விவாதத்தில் பழனிக்கு அருகிலுள்ள பொருந்தல் அகழாய்வு முக்கியமானது. ராஜன் தலைமையில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற இவ்வகழாய்வில், எழுத்துப் பொறித்த தாங்கியுடன் ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்மணிகள் கரிமக் கணிப்பில் ஏறத்தாழ கி.மு. 490 என்னும் காலத்தைத் தந்தன. எழுத்தின் பழமைக்கு இது சான்று என ஒரு சாராரும், ஓரிரு மாதிரிகளைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது என மற்றொரு சாராரும் கூறுகின்றனர்.

முக்கியத்துவம்

தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணத் துறவியரின் கற்படுக்கைகளை ஒட்டிக் காணப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, மாங்குளம் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னனின் பெயரும் துறவியின் பெயரும் உள்ளன. புலிமான்கோம்பைக் கற்களிலோ மன்னன் பெயரும் இல்லை, துறவி பெயரும் இல்லை. ஊரும் ஆளும் நிகழ்வுமே உள்ளன. எழுத்தறிவு அரசவை, வணிகம், சமயம் ஆகிய வட்டங்களுக்கு வெளியே, கால்நடை வளர்த்த சிற்றூர் மக்களிடமும் சென்றடைந்திருந்தது என்பதற்கு இவை சான்றாகக் காட்டப்படுகின்றன.

எழுத்திலிருந்து உருவம்

நடுகல் என்றவுடன் வில்லும் வாளும் ஏந்திய வீரனின் உருவமே பலருக்கும் நினைவுக்கு வரும். அவ்வாறான கற்கள் காலத்தால் பிற்பட்டவை. தமிழகத்தில் நடுகல்லின் வளர்ச்சியைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

முதல் நிலை: எழுத்தோ உருவமோ இல்லாத நெடுங்கற்கள். இவை பெருங்கற்கால ஈமச்சின்னங்களைச் சார்ந்தவை.

இரண்டாம் நிலை: எழுத்து மட்டும் உடைய கற்கள். புலிமான்கோம்பைக் கற்களும், அண்டை மாவட்டமான திண்டுக்கல்லில் தாதப்பட்டியில் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லும் இந்நிலையைச் சேர்ந்தவை.

மூன்றாம் நிலை: எழுத்தும் உருவமும் உடைய கற்கள். செங்கம், தருமபுரிப் பகுதிகளில் பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் பெருமளவில் கிடைத்துள்ளன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், இறந்த வீரன் கருந்தேவகத்தியுடன் அவனது நாய் கோவிவனும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாக அதன் கல்வெட்டு கூறுகிறது.

இவ்வரிசையை ஒரே நேர்கோட்டு வளர்ச்சியாகக் கொள்ளுதல் தவறாகும். உருவம் வரையும் திறன் இல்லாததால் புலிமான்கோம்பை மக்கள் எழுத்தை மட்டும் பொறித்தனர் என்று கருத இடமில்லை. கீழ்வாலை, மல்லபாடி, கரிக்கையூர் முதலிய இடங்களிலுள்ள பாறை ஓவியங்களில் மனிதரும் விலங்குகளும் வரையப்பட்டுள்ளமை, உருவம் தீட்டும் மரபு தமிழகத்தில் பழமையானது என்பதைக் காட்டும். இறந்தவனைக் கல்லில் நிலைநிறுத்த அவனது பெயரே போதும் எனக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதே இக்கற்களால் பெறப்படும் செய்தி.

உத்தமபாளையம் சமணச் சிற்பங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் உருவக் கலையின் சிறந்த சான்று உத்தமபாளையத்தில் உள்ளது. இவ்வூரின் குன்று ஒன்றில், பாறையின் முகப்பில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஐந்தலை நாகம் குடையாக விரிந்த பார்சுவநாதர் உருவத்தை இவற்றுள் எளிதில் அடையாளம் காணலாம். சிற்பங்களை ஒட்டி வட்டெழுத்துக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. இவை கி.பி. 9, 10 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கல்வெட்டில் குறிக்கப்படும் அச்சணந்தி என்னும் சமணத் துறவியின் பெயர், பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலை, மதுரையை அடுத்த கீழக்குயில்குடி முதலிய இடங்களிலும் காணப்படுகிறது.

இங்கும் பெயர் பொறிக்கும் வழக்கம் தொடர்கிறது. ஆனால் பொறிக்கப்படுவது பெரும்பாலும் இறந்தவரின் பெயரன்று. உருவத்தைச் செய்வித்தவரின் பெயர் ஆகும். கல்வெட்டின் நோக்கம் நினைவு கூர்தலிலிருந்து அறச்செயலைப் பதிவு செய்தலாக மாறியுள்ளதை இவ்விரு இடங்களையும் ஒப்பிட்டு அறியலாம். இதே பள்ளத்தாக்கின் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் வடமொழியிலும் தமிழிலும் அரசமரபை விரித்துரைக்கின்றன. அந்தவனின் ஒற்றை வரிக் கல்லுக்கும் இச்செப்பேடுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இடைவெளி உள்ளது.

இணையவழிக் கல்வியில் தொல்கலை

கல்லூரிகளில் தொடக்க காலக் கலை வரலாறு பெரும்பாலும் பிரான்சின் லாசுகோ, இசுப்பெயினின் அல்தாமிரா, மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா ஆகிய இடங்களின் குகை ஓவியங்களிலிருந்து தொடங்குகிறது. இப்பாடங்கள் இன்று இணையம் வழியாகவும் கற்பிக்கப்படுகின்றன. தமிழில் இம்முயற்சிக்கு முன்னோடியாக அமைந்தது 2001 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம் ஆகும். பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றப்பட்ட இந்நிறுவனத்தின் பாடங்களில் இலக்கியம், இலக்கணம் ஆகியவற்றுடன் தமிழர் பண்பாடும் கலைகளும் இடம்பெற்றுள்ளன. இந்திய நடுவண் அரசு 2017 ஆம் ஆண்டில் சுவயம் என்னும் இணையவழிப் பாடத் தளத்தைத் தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரையிலான பாடங்களை இத்தளத்தின் வழியே பயில, கல்வி நிறுவனங்கள் அனுமதி அளிக்கலாம்.

திரைவழிக் கல்வியால், தொலைவிலுள்ள தொல்லிடங்களைச் சிற்றூர் மாணவரும் காண முடிகிறது. எனினும் எழுத்துடைக் கற்களைப் படங்களின் வழியே கற்கும்போது பின்வரும் செய்திகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அளவு: அளவுகோல் இல்லாத படத்தில் சிறு கல்லும் பெரும்பாறையும் ஒன்றுபோலத் தோன்றும்.

ஒளி: ஆழமின்றிப் பொறிக்கப்பட்ட கீறல்கள் நேரொளியில் மறைந்துவிடும், பக்கவாட்டில் விழும் ஒளியிலேயே தெளிவாகத் தெரியும். ஒரே கல்லின் இரு படங்கள் இரு வேறு வாசிப்புகளுக்கு இடமளிக்கலாம்.

மைப்படி: ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி, அடித்துப் பதியவைத்து, மை தடவி எடுக்கப்படும் படியே மைப்படி. எழுத்தாய்வில் ஒளிப்படத்துடன் மைப்படியையும் ஒப்பிடுதல் வேண்டும்.

சூழல்: கல் எந்த ஈமச்சின்னத்தின் அருகில், எத்திசை நோக்கி நின்றது என்பது அதன் பொருளை அறிய இன்றியமையாதது. தனிக் கல்லின் படம் இதனைத் தருவதில்லை.

வாசிப்பு: கல்வெட்டின் பாடம் வேறு, அதற்கு அறிஞர் கூறும் பொருள் வேறு. புலிமான்கோம்பைக் கல்லில் "இறந்த" என்னும் சொல் இல்லை. அது பொருள் விளக்கத்தில் வருவிக்கப்பட்டதாகும்.

புலிமான்கோம்பைக் கற்கள் களத்தில் நடந்து தேடிய மாணவர்களால் கண்டறியப்பட்டவை. இணையவழிப் பாடம் பயில்வோரும் தம் ஊரின் வயலோரத்திலோ கோயிலடியிலோ உள்ள கற்களைப் பார்த்து, படமெடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதன் மூலம் இவ்வாய்வில் பங்கேற்க இயலும்.

பாதுகாப்பு

நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல்வெட்டுகளும் சிற்பங்களும் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்கீழ் தொல்பொருள்களாகக் கருதப்படுகின்றன. தமிழ்நாட்டில் தொல்லிடங்களைப் பாதுகாக்க 1966 ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் உள்ளது. எனினும் உருவம் செதுக்கப்பட்ட கல் சாமியாக வணங்கப்பட்டுத் தப்பிவிடுகிறது. உருவமற்ற எழுத்துக்கல்லோ சாதாரணக் கல்லாகக் கருதப்பட்டு வேலிக்கும் வரப்புக்கும் பயன்படுத்தப்படும் வாய்ப்பு மிகுதி. எழுத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்துப் படமெடுப்பதும், கல்லைச் சுரண்டித் தூய்மை செய்வதும் கீறல்களைச் சிதைக்கும். ஒரு கல்லை அதன் இடத்திலிருந்து பெயர்ப்பதற்கு முன் அது நின்ற இடம் பதிவு செய்யப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

நடுகல்
தமிழ்ப் பிராமி
வெட்சித் திணை
மாங்குளம் கல்வெட்டுகள்
ஐவர்மலை
சின்னமனூர்ச் செப்பேடுகள்